ஒன்றாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளியில் சேர்க்கிறோம்: முதல் மாதம் எப்படி இருக்கும்?

வெண்ணாற்றங்கரை | 24 மே 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டோம். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. பையன் அங்கே ஒரு நர்சரி பள்ளியில் யுகேஜி முடித்திருக்கிறான். இனி ஒன்றாம் வகுப்பு.

ஊருக்குள் இருப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றுதான். ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர், முப்பது பிள்ளைகள்கூட இல்லை. டவுனில் ஒரு மெட்ரிக் பள்ளியிலிருந்து வேன் வருகிறது. காலை ஏழேகாலுக்கே ஏற்ற வேண்டும். கட்டணம், வேன் காசு எல்லாம் கணக்குப் போட்டால் இப்போதைக்கு எங்களுக்கு முடியாது. அது ஒரு காரணம் என்றால், இவ்வளவு சின்னப் பிள்ளையை அந்த வேனில் அடைத்து அனுப்ப மனசு வரவில்லை என்பது இன்னொன்று.

ஜூன் 2 பள்ளி திறக்கிறார்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் எப்படிப் பாடம் நடத்துவார்கள்? பையன் ஏபிசிடி, ரைம்ஸ் எல்லாம் சொல்வான்; தமிழ் எழுத்து பாதிதான் தெரியும். பழைய பள்ளியில் கடைசி டெர்ம் பணம் பாக்கி இருக்கிறது, அதைக் கட்டினால்தான் டிசி (மாற்றுச் சான்றிதழ்) என்கிறார்கள். சொந்தக்காரர்கள் வேறு, "பிள்ளையைக் கொண்டுபோய் அங்கேயா போடுறே" என்று கேட்டுக் கேட்டே ஆளைக் கொல்கிறார்கள். சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் 53 | 24 மே, இரவு 10.15

ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பித்துப் பாருங்களேன். தனியார் பள்ளியிலேயே கட்டணமில்லாமல் எட்டாம் வகுப்பு வரை படிக்கலாம். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள்.

கரிசல்காடு | 24 மே, இரவு 10.50

இந்த வருடம் அந்தக் கதவே திறக்கவில்லை நண்பரே. வழக்கமாக ஏப்ரலிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். என் தங்கை மகளுக்கு எல்கேஜி போடலாம் என்று தினமும் இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சமக்ர சிக்‌ஷா என்ற கல்வித் திட்டத்தில் இந்தக் கட்டணத்துக்கு வர வேண்டிய பணத்தை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருக்கிறது, பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அவர்கள் சண்டையில் நம் வீட்டுப் பிள்ளைக்கு வருடம் போகிறது.

அதோடு எல்கேஜி உள்ள பள்ளியில் ஆர்டிஇ சேர்க்கை எல்கேஜிக்குத்தான் நடக்கும். ஒன்றாம் வகுப்பில் புதிதாக நுழைய முடியாது. இந்தச் சகோதரிக்கு அது உதவாது.

சாக்பீஸ் தூள் | 25 மே, காலை 6.20

தங்கச்சி, நான் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். உங்கள் மாவட்டம் இல்லை, புதுக்கோட்டைப் பக்கம். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான். பிள்ளைகளைத்தான் எண்ணுகிறார்கள், வகுப்புகளை எண்ணுவதில்லை. அதனால் ஐந்து வகுப்பை இரண்டு அறையாகப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு, மூன்று ஒரு அறையில். நான்கும் ஐந்தும் இன்னொரு அறையில். இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு, பயிற்சிக்கு என்று போகிற நாளில் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். அன்றைக்குப் பாடம் நடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் நடக்கும். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். எங்கள் சங்கங்கள் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றன, கிடைத்தபாடில்லை.

மற்ற நாட்களில் எப்படி என்றால், 2022 ஜூன் முதல் ஒன்றிலிருந்து மூன்று வரை எண்ணும் எழுத்தும் முறை. அடுத்த வருடம் நான்கு, ஐந்துக்கும் கொண்டுவந்தார்கள். மூன்று வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்துப் பாட்டு, கதை என்று தொடங்குவோம். அப்புறம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். எழுத்தே இன்னும் பிடிபடாதவர்கள் அரும்பு. எழுத்து தெரிந்து சொல்லும் சின்ன வாக்கியமும் படிக்கத் தடுமாறுகிறவர்கள் மொட்டு. தன் வகுப்புக்கு உரியதைப் படிக்கிறவர்கள் மலர். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை அரும்பில் இருக்கலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை மலரில் இருக்கலாம். மலருக்குப் பயிற்சி நூலில் வேலை கொடுத்துவிட்டு நான் அரும்போடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். உங்கள் பையன் தமிழில் அரும்பில்தான் தொடங்குவான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

இந்தக் கூட்டு வகுப்பில் ஒரு லாபமும் உண்டு. சின்னவன் தன் வேலையை முடித்துவிட்டு மூன்றாம் வகுப்பு அக்கா படிக்கிற கதையைக் காதில் வாங்கிக்கொண்டே இருப்பான். சில பிள்ளைகள் அதிலேயே கற்றுக்கொண்டு நம்மை அசர வைப்பார்கள். எல்லாப் பிள்ளையும் அப்படியில்லை. அதிகம் பேசாத, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை இந்த அறையில் காணாமல் போய்விடும். உங்கள் பையன் அந்த ரகமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்படி என்றால் முதல் வாரத்திலேயே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

டிசி விஷயம் வேறு யாராவது எழுதுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகிற நாட்கள் இவை. மே மாதத்தில் எங்களுக்கு விடுமுறை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது!

கரிசல்காடு | 25 மே, காலை 8.05

டிசிக்கு நான் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன், இந்தப் பஞ்சாயத்து வருடா வருடம் வரும்.

வயதுச் சான்று இல்லை என்றோ டிசி இல்லை என்றோ பிள்ளையைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், கட்டண பாக்கி என்று டிசியில் எழுதக் கூடாது, புதுப் பள்ளி சேர்க்கும்போது டிசி கொடு என்று பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதனால் டிசிக்காகக் காத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை நகலோடு போய்ச் சேருங்கள்.

உண்மையான முடிச்சு எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் இருக்கிறது. யுகேஜி படித்திருந்தால் பையனுக்கு எமிஸ் எண் இருக்கும். பழைய பள்ளி அவன் பெயரைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறுகிற பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) விட்டால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் எடுக்க முடியும். பாக்கி உள்ள பள்ளிகள் இதில்தான் பிடித்து வைக்கும். முதலில் மரியாதையாகப் போனில் கேளுங்கள். நகரவில்லை என்றால் புதுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகக் கேட்பார். 14417 என்று பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணும் இருக்கிறது. பெயர் இங்கே ஏறாத பிள்ளைக்குப் புத்தகமும் சீருடையும் கணக்கில் வராது. அதனால் "எப்படியும் வந்துடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

பாக்கிப் பணம் தனி விஷயம். அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கு.

ராத்திரி ஷிப்ட் | 25 மே, மதியம் 1.30

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மருத்துவம் மாதிரிப் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போனால் மாதப் பணம் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாவற்றுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். அப்படியென்றால் ஐந்து வரை தனியாரில் நல்ல அடித்தளம் போட்டுவிட்டு, ஆறில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவதுதானே புத்திசாலித்தனம்? எங்கள் காலனியில் பாதிப் பேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். கடன் வாங்கியாவது ஐந்து வருடம் ஓட்டிவிடலாம்.

கரிசல்காடு | 25 மே, மதியம் 2.10

இந்தக் கணக்கைப் போட்டவர்களால்தான் தொடக்கப் பள்ளிகள் காலியாகின்றன. ஆறாம் வகுப்புக்கு எல்லோரும் வருவீர்கள், ஒன்றாம் வகுப்புக்கு வர மாட்டீர்கள். அப்புறம் "பிள்ளையே இல்லை, ஆசிரியர் எதற்கு" என்று கேட்பீர்கள்.

ராத்திரி ஷிப்ட் | 25 மே, மதியம் 2.25

ஊர்ப் பள்ளியைக் காப்பாற்றுகிற பொறுப்பை என் பிள்ளை தலையில் ஏன் வைக்கிறீர்கள் அண்ணே? அவனுக்கு ஆறு வயது.

சாக்பீஸ் தூள் | 25 மே, இரவு 8.45

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பள்ளியைக் காப்பாற்றுவதற்காக யாரும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். ஆனால் "அடித்தளம் தனியாரில்" என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் தனியாரிலிருந்து எங்களிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆங்கிலக் கேள்வி பதிலைத் தலைகீழாக ஒப்பிக்கும். பாடத்தில் இல்லாத நாலு வரித் தமிழ்க் கதையைக் கொடுத்தால் நின்றுவிடும். எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்லவில்லை. கடன் வாங்குகிற முன்னால், அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, அது பார்த்திராத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பள்ளிக்கும் வந்து இதையே செய்யுங்கள். வேறு எந்த விளம்பரத்தையும் பார்க்க வேண்டாம்.

அம்பத்தூர் 53 | 25 மே, இரவு 9.30

அரசுப் பள்ளியிலும் ஆங்கில வழி இருக்கிறதே, அதில் போட்டால் இரண்டும் கிடைக்காதா?

சாக்பீஸ் தூள் | 25 மே, இரவு 9.50

சின்னப் பள்ளியில் ஆங்கில வழியும் தமிழ் வழியும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம்தான் உட்கார்ந்திருக்கும். புத்தகம் மட்டும் வேறு. எங்கள் வாயும் ஒன்றுதான், கையும் இரண்டுதான். வீட்டில் யாருமே ஆங்கிலத்தில் படித்துக்காட்ட முடியாது என்றால் தமிழ் வழியில் போட்டுவிட்டு, ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகப் படிக்க வைப்பது மேல். இது என் கருத்து. என் பள்ளியிலேயே கூட வேலை பார்ப்பவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

வெண்ணாற்றங்கரை | 3 ஜூன், மாலை 6.15

அக்கா, அண்ணன்மாரே, சேர்த்துவிட்டோம். தமிழ் வழிதான்.

நேற்று வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் காகிதக் கிரீடம் வைத்து, கற்கண்டு கொடுத்து உள்ளே கூட்டிப் போனார்கள். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவரும் வந்திருந்தார், போட்டோ எடுத்தார்கள். என் பையன் கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு என் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. டீச்சர், "நீங்க போங்கம்மா, நீங்க நின்னா அவன் நிறுத்த மாட்டான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். வேலிப் பக்கம் நின்று பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒன்று அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குப் பார்த்தால் மண்ணில் உட்கார்ந்து விளையாடுகிறான்.

முதல் பருவப் புத்தகமும் நோட்டும் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். சீருடை பிறகு வருமாம். காலை உணவு உண்டு, இன்று கிச்சடி சாப்பிட்டானாம். வீட்டில் கிச்சடி என்றால் ஓடுவான்!

கழிப்பறைதான் மனசுக்குச் சரியில்லை. இரண்டு இருக்கிறது, ஒன்று பூட்டியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் வெளியே. பையன் நேற்று முழுக்க அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான். இதை யாரிடம் கேட்பது? புதிதாக வந்தவள் முதல் நாளே புகார் சொல்கிறாள் என்று ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

மட்டுறுத்துநர் | 3 ஜூன், மாலை 6.40

பள்ளியின் பெயர், ஆசிரியர் பெயர், பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எதையும் இங்கே போட வேண்டாம். ஒரு படத்தை நீக்கியிருக்கிறேன். மற்றபடி தொடருங்கள்.

தஞ்சாவூர்ப் பொம்மை | 3 ஜூன், இரவு 7.30

காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான் 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் இதை விரிவாக்கித் தொடங்கினார்கள். அரசியல் எப்படியோ போகட்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் டெல்டாவில் குறுவை நடவு. விடிவதற்குள் வயலில் இறங்குகிற அம்மாக்கள் வீட்டில் அந்த நேரத்தில் பிள்ளைக்கு என்ன ஆக்கி வைத்துவிட்டுப் போக முடியும்? நாங்கள் படித்த காலத்தில் பழைய சோற்றைத் தானே போட்டுத் தின்றுவிட்டு, இல்லையென்றால் மதியச் சத்துணவு வரைக்கும் சும்மா கிடந்துதான் பள்ளிக்கூடம் போனோம். பன்னிரண்டு மணிக்கு எங்கள் கண் கரும்பலகையில் இருக்காது, சமையல் கூடத்துப் புகையில்தான் இருக்கும்.

கழிப்பறை விஷயத்தில் ஓர் யோசனை. எங்கள் ஊரில் பழைய மாணவர்கள் சேர்ந்து கல்விச் சீர் கொண்டுபோனோம். மேளதாளத்தோடு பீரோ, நாற்காலி, மின்விசிறி, தட்டில் பழம் பாக்கு என்று தெருவெல்லாம் ஊர்வலம். உங்கள் ஊரிலும் ஏற்பாடு செய்யுங்களேன்?

கரிசல்காடு | 3 ஜூன், இரவு 8.00

சீர் கொண்டுபோவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். எங்கள் ஊரிலும் செய்தோம். இப்போது பள்ளியில் மூன்று பீரோ, கழிப்பறைக்குக் குழாய் இல்லை. நாற்காலி வாங்கித் தர ஆள் வரிசையில் நிற்கிறார்கள், செப்டிக் டேங்க் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவரும் மேளம் வைத்து வருவதில்லை.

சகோதரி, நீங்கள் புகாராகச் சொல்லாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று கேட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் கூட்டம் என்பது நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும், காரணம் யாரும் போவதில்லை. பூட்டிய கழிப்பறையின் சாவி யாரிடம், சுத்தம் செய்கிறவருக்கு மாதச் சம்பளம் வருகிறதா, எத்தனை மாதம் பாக்கி, இதை மட்டும் கேளுங்கள். எங்கள் பள்ளியில் பூட்டின காரணமே சுத்தம் செய்ய ஆள் வராததுதான். டீச்சர்மார் என்ன செய்வார்கள், தண்ணீர் ஊற்றி அவர்களே கழுவினார்கள் கொஞ்ச நாள். குழுத் தீர்மானமாக எழுதி ஊராட்சிக்குக் கொடுத்த பிறகு குழாய் உள்ளே வந்தது. உடனே இல்லை, பொங்கல் கழிந்துதான்.

சாக்பீஸ் தூள் | 4 ஜூன், காலை 5.50

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். தலைமை ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி கேட்காதீர்கள். அவரும் இதை மேலே எழுதி எழுதிச் சலித்திருப்பார். பெற்றோர் வாயிலிருந்து வந்தால் அவருக்கே பலம்.

அதுவரை பையனிடம் "இடைவேளையில் போயிட்டு வந்துடு" என்று சொல்லி அனுப்புங்கள், அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடமும் சொல்லி வையுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவான், அதுதான் இந்த வெயிலில் பயம்.

வெண்ணாற்றங்கரை | 21 ஜூன், இரவு 9.10

பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும், வீட்டில் வேலை. எமிஸ் சரியாகிவிட்டது. பழைய பள்ளி முதலில் இழுத்தது, எங்கள் தலைமை ஆசிரியர் போன் பண்ணிய பிறகு விட்டார்கள்.

இப்போது மாமியாருக்கு ஒரே கவலை: "வீட்டுப்பாடமே தர மாட்டேங்கிறாங்க, என்னத்தைப் படிக்கிறான்?" திருப்பூரில் யுகேஜியிலேயே மூன்று நோட்டு எழுதிக்கொண்டு வருவான். இங்கே பாட்டு, களிமண், புளியங்கொட்டை எண்ணுவது என்று வருகிறான். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். ஆங்கிலம் மறந்துவிடுமோ?

ராத்திரி ஷிப்ட் | 21 ஜூன், இரவு 9.35

இதைத்தான் நான் அப்போதே சொன்னேன்.

சாக்பீஸ் தூள் | 21 ஜூன், இரவு 10.20

தம்பி, பொறுங்கள். புளியங்கொட்டை எண்ணுகிறவன் பத்து பத்தாகக் குவிக்கிறானா என்று பாருங்கள் தங்கச்சி. குவித்தால் அதுதான் இடமதிப்பு, நோட்டில் நூறு வரை எழுதியதைவிட மேலான கணக்கு. குவிக்காமல் சும்மா விளையாடிவிட்டு வந்தால் டீச்சரிடம் கேளுங்கள். கேட்கிற அம்மாவின் பிள்ளையை நாங்கள் கூடுதலாக ஒரு தடவை பார்ப்போம். அப்படிப் பார்க்கக் கூடாதுதான், ஆனால் நடப்பது அதுதான். அறையில் மூன்று வகுப்பு, மேசையில் செயலியில் ஏற்ற வேண்டிய மதிப்பீடு, நெட் வராத போன். இதற்கு நடுவில் யார் முகம் ஞாபகத்தில் நிற்கிறதோ அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவோம்.

வீட்டில் எழுத வைக்காதீர்கள், விரல் இன்னும் பழகவில்லை. ராத்திரி படுக்கும்போது மாமியாரை ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள், மறுநாள் அவனை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தெருவில் போகும்போது கடைப் பலகை, பஸ் பலகையில் அவனுக்குத் தெரிந்த எழுத்தைத் தேட விடுங்கள். ஆங்கில ரைம்ஸை அவன் மறந்தால் மறக்கட்டும், வார்த்தைகளை விடாமல் பேச்சில் போட்டுக்கொண்டே இருங்கள். காலாண்டு விடுமுறைக்குள் தமிழில் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களைத் தானாகப் படிக்கவில்லை என்றால் அப்போது கவலைப்படலாம். ஜூனிலேயே வேண்டாம்.

கரிசல்காடு | 22 ஜூன், காலை 7.15

கழிப்பறை என்ன ஆச்சு சகோதரி?

வெண்ணாற்றங்கரை | 22 ஜூன், காலை 11.40

கூட்டத்துக்குப் போனேன் அண்ணா. நான்கு அம்மாக்கள் வந்திருந்தோம், ஆண்கள் ஒருவரும் இல்லை. சாவி பள்ளியிலேயே இருந்தது. பூட்டியதற்குக் காரணம் நீங்கள் சொன்னதேதான், சுத்தம் செய்கிற அக்காவுக்குச் சம்பளம் பல மாதம் வரவில்லை. அவர் கூட்டத்திலேயே இருந்தார், அவர் பேத்தியும் அங்கேதான் இரண்டாம் வகுப்பு. தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டாவது கழிப்பறையைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்கள். குழாய் இன்னும் வெளியேதான்.

அப்புறம் இன்னொரு சந்தேகம். சீருடைக்கு அளவெடுக்க வந்தபோது இவன் பெயர் பட்டியலில் இல்லை என்று விட்டுவிட்டார்கள். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான், அதனால் இருக்குமோ?

சாக்பீஸ் தூள் | 22 ஜூன், மதியம் 12.30

அதேதான். சத்துணவுப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளைக்குத்தான் சீருடை. நாளைக்கே தலைமை ஆசிரியரிடம் சொல்லிச் சேர்த்துவிடுங்கள், மதியம் அங்கேயே சாப்பிடட்டும், முட்டையும் கிடைக்கும். சீருடை தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம். அளவு எடுக்கிறவர்கள் எங்களிடம் விட்டுப்போன பிள்ளைகளுக்காக மறுபடி ஒரு தடவை வந்தார்கள், உங்கள் ஊருக்கு எப்போது என்று கேட்டு வையுங்கள். ஒரு சைஸ் பெரிதாகவே சொல்லுங்கள், வந்து சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.